துண்டுக்குள் விலை

பங்குனி 2, ஞாயிறு

வீட்டுக்காரர் கைக்கட்டை இன்று அவிழ்த்தாயிற்று. நாற்பத்திரண்டு நாள் மூங்கில் பத்தைக்குள் கிடந்த வலது கை, வெந்த பனங்கிழங்கு மாதிரி வெளுத்துச் சுருங்கி வெளியே வந்தது. தினமும் மத்தியானச் சோற்றுக்குப் பிறகு எண்ணெயைச் சூடு காட்டி, முழங்கையிலிருந்து விரல் நுனி வரைக்கும் உருவிவிடச் சொன்னார் எலும்புக் கட்டுக்காரர். ஒவ்வொரு விரலையும் தனித்தனியாக ஊன்றி அழுத்திப் பழக வேண்டுமாம்.

"சித்திரைத் தேர்ச்சந்தை வர்றதுக்குள்ளார வெரல் வந்துருமுங்களா?" என்று இவர் மூன்று தரம் கேட்டுவிட்டார்.

"சோறு திங்க வரும். கையெழுத்துப் போட வரும்."

"நானென்ன கலெக்டர் ஆபீசுக்கா போறேன்? துண்டுக்குள்ள போடோணுமுங்க!"

கட்டுக்காரருக்குச் சிரிப்பு. அவருக்கும் மாடு உண்டு, தெரியும். எங்கள் சந்தையில் மாட்டு விலையை யாரும் வாயால் சொல்வதில்லை. விற்கிறவரும் வாங்குகிறவரும் கை சேர்ப்பார்கள், மேலே ஒரு துண்டு விழும். அடுத்தவர் உள்ளங்கையில் விரலை ஊன்றித்தான் விலை பேசுவார்கள். சுற்றி நிற்கிற நூறு பேருக்கு மாடு தெரியும், ஆள் தெரியும், விலை மட்டும் தெரியாது. ஒருத்திக்கு ஐம்பது மாடு இருந்தாலும் அந்நிய ஆண் கையைத் துண்டுக்குள் பிடிக்க முடியுமா? வீட்டுக்காரர் திரும்பி வந்து சொல்கிறதுதான் விலை.

கையை உடைத்தது எந்த மாடு என்று கேட்காதவர்கள் இல்லை. மாடு இல்லை. பால் சொசைட்டி வாசலில் சைக்கிளை நிறுத்தப் போய், சைக்கிள் அவர் மேல் விழுந்தது. சந்தையில் மட்டும் மாடு என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பங்குனி 3, திங்கள்

காரிக்காளை தண்ணீர்த் தொட்டியைக் கவிழ்த்துவிட்டான். வேறு விசேசம் இல்லை.

பங்குனி 6, வியாழன்

சந்தோசமான நாள். காரியையும் மயிலையையும் தேர்ச்சந்தையில் ஜோடியாக விற்பது என்று முடிவாகிவிட்டது. இரண்டும் நான் வளர்த்தவை. மயிலை பிறந்த வாரம் அதன் தாய் செத்துப்போய், புட்டிப்பால் கொடுத்துத் தேற்றினேன். அந்தப் புட்டி என் சிநேகிதி பாவாத்தாள் பேரனுடையது. அவள் மருமகள் இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள். அந்த மருமகளுக்கு ஊரில் யாரைத்தான் பிடிக்கும்? சரி, அதை விடுகிறேன்.

சோறு தின்றுகொண்டே இவர் சொன்னார்:

"ஏம்புள்ள, தொண்ணூறாயிரத்துக்கு மேல எத்தன போனாலும் மிச்சம் உன்றது. கறவமாடு வேணும், கறவமாடு வேணும்னு காதத் திங்கறயே, வாங்கிக்க."

"நெசமாத்தானுங்களா?"

"நானென்னைக்கு வாக்கு மாறியிருக்கேன்?"

மாறியதில்லை, உண்மைதான். செவலைக் காளையை விற்கும்போது நாற்பதுக்கு மேல் போனால் எனக்கு என்றார். முப்பத்தொன்பதரைக்கு நின்றுவிட்டது. அதற்கு முன்பு வெள்ளைப் பசு. முப்பதுக்கு மேல் எனக்கு என்று பேச்சு, இருபத்தொன்பதுக்குத்தான் போயிற்று. என் ராசி அப்படி, வாசல் வரைக்கும் வந்து திரும்பிவிடும்.

இவர் தங்கச்சி ராமாத்தாள் யோகக்காரி. புருசன் போன பிறகும் எப்படியோ நடந்துகொண்டிருக்கிறது. வெள்ளைப் பசு விற்ற மாதம் கொட்டகைக்குத் தகரம் போட்டாள். செவலை விற்ற மாதம் வீட்டுக்குச் சிமெண்ட் தரை. போன வாரம் வந்து கிணற்றைத் தூர் வார வேண்டும் என்று சொல்லிப்போனாள்.

இந்தத் தடவை தொண்ணூறு தாண்டும். மனசு சொல்கிறது. சொந்தமாக ஒரு கறவை, சொசைட்டியில் என் பேரில் ஒரு அட்டை. இப்போதே பெயரை எழுதிப் பழகுகிறேன். நல்லாத்தாள். நல்லாத்தாள். 'ள்' இன்னும் கோணலாகத்தான் வருகிறது. அறிவொளி வகுப்பில் எனக்குக் கடைசியாக வந்த எழுத்து அது.

பங்குனி 11, செவ்வாய்

எண்ணெய்க் கையோடு எழுதுகிறேன், காகிதம் கறைபட்டால் படட்டும்.

மத்தியானம் வழக்கம்போலக் கை உருவிக்கொண்டிருந்தேன். சோற்று மயக்கத்தில் இவருக்குக் கண் சொக்கிவிட்டது. நான் நாலு விரலைச் சேர்த்து இவர் உள்ளங்கையில் வைத்து நன்றாக அழுத்தித் தேய்த்தேன். கண்ணைத் திறக்காமலே சொல்கிறார்:

"நாப்பதுக்குக் கட்டாதுங்க. ஏறி வாங்க."

சித்த நேரம் பொறுத்து ஐந்து விரலையும் ஊன்றினேன்.

"அம்பதா? இன்னொரு ரெண்டு வெச்சுக் குடுங்க. ஒரே ஈத்து மாடுங்க."

எந்த மாட்டை யாருக்கு விற்கிறாரோ! முப்பது வருசம் துண்டுக்குள் பேசிய கை. ஆள் தூங்கினாலும் அது தூங்குவதில்லை. முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

பங்குனி 14, வெள்ளி

மூன்று நாளாக மத்தியானம் எப்போது வரும் என்று காத்துக்கிடக்கிறேன். சோற்றைக் கூட இரண்டு கரண்டி சேர்த்துப் போடுகிறேன், நன்றாகச் சொக்கட்டும் என்று. "என்ன புள்ள, இந்தக் கவனிப்பு?" என்று இவருக்கு ஒரே பெருமை.

தெரிந்துகொண்டது இவ்வளவு. முதல் ஊன்றல் பத்தாயிரக் கணக்கு. பிறகு ஒரு தட்டு. தட்டுக்குப் பின்னால் வருவது ஆயிரம். ஆறு என்றால் ஐந்து விரலும் ஊன்றி, பின்னால் ஒரு விரல். கட்டைவிரலை மட்டும் தனியாக ஊன்றினால் லட்சம். லட்சத்தை இன்றுதான் கண்டுபிடித்தேன். கட்டைவிரலை ஊன்றியதும் தூக்கத்திலேயே எழுந்து உட்காரப் பார்த்தார்.

பங்குனி 19, புதன்

பாவாத்தாள் போனைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பக்கத்துக் காடு அவளுடையது, சின்ன வெங்காயம் போட்டிருக்கிறாள்.

"பாரு நல்லாத்தா, இன்னைக்கு வெங்காயம் மார்க்கெட்டுல நாப்பத்தொன்னு. காலைல ஆறு மணிக்கே போன்ல வந்துபோச்சு. ஏவாரி வந்து முப்பத்தஞ்சுங்கறான். போனக் காட்டினேன் பாரு, மூஞ்சி இஞ்சி தின்னாப்புல ஆயிப்போச்சு!"

அவள் சொல்வது சரிதான். தக்காளிக்கு ரேடியோவில் விலை சொல்கிறான். தேங்காய்க்கு மில்லில் கரும்பலகை. மாட்டுக்கு மட்டும் துண்டு.

"உம்பட மாட்டு வெலையும் ஒருநா போன்ல வரும் பாரு."

"துண்டுக்குள்ள போன் போகுமா?"

அவளிடம் எதையும் மறைத்துப் பழக்கமில்லை. விரல் சங்கதியைச் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு முகவாயில் கை வைத்தாள்.

"தெரிஞ்சு என்ன புள்ள பண்ணுவ? கைய உள்ளாற விடவா போற? ஊரு சிரிக்காதா?"

அதுதான் நியாயம். பாஷை தெரிகிறது, காது கொடுக்க வழியில்லை. அந்த நேரம் பார்த்து அவள் கோழி என் கம்பங்குருணையில் வாயை வைத்துவிட்டது. கொஞ்சம் சண்டை.

பங்குனி 22, சனி

வழி இருக்கிறது! வழி இருக்கிறது!

இன்று விரல் பயிற்சி. ஒவ்வொரு விரலாகப் பலகையில் ஊன்றச் சொல்லிவிட்டு முழங்கைப் பக்கம் உருவிக்கொண்டிருந்தேன். சுண்டுவிரலை ஊன்றினால் முன்கையின் ஓரத்தில் ஒரு நரம்பு துள்ளுகிறது. நடுவிரலுக்கு நடுவில். ஆள்காட்டி விரலுக்கு அதற்கு இந்தப்பக்கம். கட்டைவிரலுக்குத் தனியாக ஒரு நரம்பு, மணிக்கட்டுக்கு மேலே, எலி ஓடுகிற மாதிரி ஓடுகிறது. இருபது நாளாகத் தடவுகிறேன், கையில் பட்டது இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

எண்ணெய்த் துணியை இவர் விரல்களின் மேல் போட்டு மூடினேன். "எதுக்குப் புள்ள?" என்றார். "சூடு போவாம இருக்கோணுமுங்க" என்றேன். ஊன்றச் சொல்லிவிட்டு முன்கையை மட்டும் பார்த்தேன். மூன்று. ஒன்று. ஐந்து. துணியைத் தூக்கிப் பார்த்தால் எல்லாம் சரி.

துண்டு விரலைத்தான் மூடுகிறது, முன்கையை மூடுவதில்லை.

பங்குனி 24, திங்கள்

மத்தியானம் இவர் நன்றாகச் சொக்கியிருக்கும்போது காதோரம், "செவலைக்கு?" என்று மட்டும் கேட்டேன். என் உள்ளங்கையில் இவர் விரல் மெதுவாக ஊன்றியது. நாலு. ஒரு தட்டு. அப்புறம் ஐந்து, பின்னாலேயே மூன்று.

தூங்குகிற கை எதையாவது உளறும்.

சாயங்காலம் ரசத்தில் உப்பு அதிகம் என்றார். இருக்கும்.

பங்குனி 27, வியாழன்

பாவாத்தாளோடு பழகினேன். முந்தானையால் கையை மூடிக்கொண்டு துவைக்கிற கல்லில் ஊன்றினாள்.

"எழுவத்தி நாலு" என்றேன்.

"அடிப்பாவி!"

"இப்ப முப்பத்தெட்டு."

"இல்ல புள்ள, முப்பத்தேழு."

"பொய் சொல்லாத. மூணாவது வெரலு ஊனிச்சு."

"அரிச்சுது, அதுக்கு ஊனுனேன்!"

அவள் கை பருமன். அதிலேயே பத்துக்கு எட்டு சொல்லிவிட்டேன். ஒல்லிக் கையாக இருந்தால் பத்தும் சொல்லுவேன்.

பங்குனி 29, சனி

குப்பண்ணன் வந்திருந்தார். இவருடைய சேக்காளி, சந்தையில் பெயர் போன தரகர். இவர் விரல் இன்னும் முழுசாகத் தேறவில்லை, ஊன்றினால் நடுங்குகிறது. நடுங்குகிற விரல் ஐந்தைப் பத்தாகச் சொல்லிவிடுமாம். அதனால் இவருக்குப் பதில் குப்பண்ணன் துண்டுக்குள் கை போடுவார்.

மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். சட்டையை முழங்கைக்கு மேல் மடித்துவிட்டிருந்தார். சொம்பைத் தூக்கிக் குடிக்கும்போது பார்க்கிறேன், கை முருங்கைக்காய்தான். எல்லா நரம்பும் தனித்தனியாக நிற்கிறது.

"என்னம்முணி, அப்படிப் பாக்கற?"

"இன்னொரு சொம்பு வேணுமுங்களா அண்ணா?"

பிறகு இரண்டு பேரும் மாட்டுக் கட்டுத்தரைக்குப் பின்னால் போய் ரொம்ப நேரம் பேசிவிட்டு வந்தார்கள். ஆண்பிள்ளைகளுக்கு ஆயிரம் பேச்சு இருக்கும்.

சித்திரை 5, வெள்ளி

சந்தைக்கு நானும் வருவேன் என்றேன். வீடு இரண்டுபட்டது.

"சந்தைக்குள்ள பொம்பளைக்கு என்ன வேல?"

"காரியை வண்டி ஏத்திக் காட்டுங்க, நான் வரல."

ஏற்றிப் பார்த்தார். குப்பண்ணனும் சேர்ந்து தள்ளினார். காரி நாலு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டு டெம்போக்காரனையே முறைத்தான். நான் போய்க் கயிற்றைப் பிடித்து, "ஏறுடா சாமி" என்றேன். ஏறினான்.

"செரி, வா. வந்தா மாட்டக் கிட்ட நிக்கோணும், வாயத் தொறக்கக்கூடாது" என்றார்.

நானும் சரி என்றேன். இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது, ஏன் என்று நாளன்றைக்கு எழுதுகிறேன்.

சித்திரை 7, ஞாயிறு

எங்கே ஆரம்பிப்பது!

விடியும்போது சந்தைக்குள் போய்விட்டோம். அத்தனை மாட்டை நான் ஒரே இடத்தில் பார்த்ததே இல்லை. கரும்புச்சாற்று வண்டி, சாட்டைக் கடை, கொம்புக்குச் சாயம் அடிக்கிறவன், ஒரு பக்கம் பஞ்சுமிட்டாய். காரிக்குக் கூட்டம் பிடித்துவிட்டது போல. மணியை ஆட்டி ஆட்டிக் காட்டுகிறான். எங்கு பார்த்தாலும் இரண்டிரண்டு ஆட்களாக நின்று, மேலே துண்டைப் போட்டுக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் முறைத்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு பெரிய சந்தை விலையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் நடக்கிறது.

எட்டு மணிக்கு ஒட்டன்சத்திரத்துக்காரர் ஒருவர் வந்தார். பருத்த ஆள். பல்லைப் பார்த்தார், சுழியைப் பார்த்தார், மயிலையை நடக்கவிட்டுப் பார்த்தார். குப்பண்ணன் கையை நீட்ட, துண்டு விழுந்தது. வெள்ளைமீசைக்காரர் ஒருவரும் தள்ளி நின்று ஜோடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கை கொடுக்க அவர் முறை இன்னும் வரவில்லை.

நான் காரியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மூன்றடி தூரத்தில் நின்றேன். ஒட்டன்சத்திரத்துக்காரர் கையில் சதைதான், ஒன்றும் தெரியவில்லை. குப்பண்ணன் கையைப் பார்த்தேன்.

கட்டைவிரல் நரம்பு ஓடியது. லட்சம்!

அடுத்து இரண்டு, ஒரு தட்டு, ஐந்து. ஒரு லட்சத்து இருபத்தைந்து கேட்கிறார். அந்த ஆள் தலையை ஆட்டினார். மறுபடியும் கட்டைவிரல், ஒன்று, தட்டு, ஐந்து, மூன்று. ஒன்று பதினெட்டு. அந்த ஆள் கையை உருவப் பார்த்தார், குப்பண்ணன் விடவில்லை. கட்டைவிரல், ஒன்று, தட்டு, இரண்டு. ஒன்று பன்னிரண்டு. ஒட்டன்சத்திரத்துக்காரர் கண்ணை மூடித் திறந்தார். கை குலுங்கியது. துண்டு விலகியது.

முடிந்தது. ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம். எனக்கு இருபத்திரண்டு! காரியின் கழுத்தைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது.

குப்பண்ணன் இவர் காதில் ஏதோ சொன்னார். இவர் என்னிடம் வந்தார். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, நல்ல வருத்தமாகச் சொன்னார்:

"எம்பத்தெட்டுக்கு முடிஞ்சுது புள்ள. ரெண்டாயிரத்துல நழுவிப்போச்சு. உன்ற ராசி அப்படி."

வாயைத் திறக்கக்கூடாது என்று பேச்சு. திறந்துவிட்டேன்.

"ஒரு லட்சத்துப் பன்னெண்டாயிரமுங்க!"

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. காடு கழனியில் கூப்பிட்டுப் பழகிய தொண்டை. சந்தையே திரும்பியது. கரும்புச்சாற்று வண்டிக்காரன் சக்கரத்தை நிறுத்திவிட்டான். விலையை வாயால் சொல்லி அங்கே யாரும் கேட்டதில்லை.

குப்பண்ணன் முகம் கறுத்துப்போயிற்று. ஒட்டன்சத்திரத்துக்காரர் மேல் பாய்ந்தார். "யோவ், வெளிய சொல்லிட்டயா?"

"எங்காத்தா மேல சத்தியமாச் சொல்லலய்யா! கையை இப்பத்தான எடுத்தேன்!"

அதற்குள் வெள்ளைமீசைக்காரர் முன்னால் வந்துவிட்டார். "ஒன்னு பன்னெண்டுக்கா இந்தச் சோடி? நான் ஒன்னு பதினெட்டுத் தர்றேன்."

"பேச்சு முடிஞ்சுபோச்சுங்க" என்றார் ஒட்டன்சத்திரத்துக்காரர்.

"கயிறு மாறலீங்களே" என்றேன். கயிறு என் கையில் இருந்தது. விற்றவர் கயிற்றை வாங்கினவர் கையில் கொடுத்தால்தான் சந்தையில் விலை முடிந்ததாகக் கணக்கு. இவர் எண்பத்தெட்டு என்றார், அவர்கள் ஒன்று பன்னிரண்டு என்றார்கள். என்னிடம் பொய்யாக வந்த விலைக்கு நான் எதற்குக் கயிறு கொடுக்க வேண்டும்?

"ஒன்னு இருவது" என்றார் ஒட்டன்சத்திரத்துக்காரர், சத்தமாக. வேறு வழியில்லை, எல்லாம் வெளியே வந்துவிட்டது.

"இருவத்திரண்டு!"

"இருவத்தி நாலு!"

சுற்றிலும் கூட்டம் ஏறிவிட்டது. டெம்போ மேல் ஏறி நின்று விசில் அடிக்கிறார்கள். யாரோ ஒரு ஆள், "அம்மணி, மயிலையை ஒரு சுத்து சுத்தவுடு" என்றார். சுற்றவிட்டேன். மயிலை மகாராணி மாதிரி சுற்றினான், காளையை மகாராணி என்கிறேன், பரவாயில்லை. வெள்ளைமீசை இருபத்தாறில் நின்றது. ஒட்டன்சத்திரத்துக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு ஒன்று இருபத்தேழு என்றார்.

கயிற்றை அவர் கையில் நானே கொடுத்தேன். வாங்கிக்கொண்டு சொன்னார்: "தாயி, எப்படிக் கண்டுபிடிச்சேன்னு கேக்கல. எங்க ஊர்ப்பக்கம் மட்டும் வந்துறாத."

இவர் குப்பண்ணன் கையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மடித்திருந்த சட்டைக் கையை மெதுவாக மணிக்கட்டு வரைக்கும் இறக்கிவிட்டுக்கொண்டார்.

சித்திரை 8, திங்கள்

கட்டுத்தரை வெறிச்சென்று கிடக்கிறது. காலையில் இரண்டு பேருக்குத் தீவனம் கலக்கிவிட்டு நின்றேன். பாவாத்தாள் மாட்டுக்குப் போட்டேன்.

மத்தியானம் எண்ணெய் மட்டும் தேய்த்தேன்.

சித்திரை 10, புதன்

எண்ணெய் தேய்க்கும்போது இன்று இவர் தூங்கவில்லை. கூரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"செவலைக்கு..."

"நாப்பத்தெட்டு. தெரியுமுங்க."

விரலை மடக்கி நீட்டிக்கொண்டே சொன்னார்: "ராமாத்தாளுக்குக் கேக்கறதுக்கு ஆளில்ல. உங்கிட்டச் சொன்னா..."

"சொல்லியிருந்தா நானே குடுத்திருப்பேன்."

"குடுத்திருப்பயா?"

யோசித்தேன். பொய் சொல்ல வாய் வரவில்லை.

"பாதி குடுத்திருப்பேனுங்க."

சிரித்துவிட்டார். கிணறு தூர் வாருகிறதற்கு எவ்வளவு ஆகும் என்று ராமாத்தாளிடம் நானே போன் போட்டுக் கேட்டேன். இவர் பங்கிலிருந்து போகும். என் முப்பத்தேழு என்னோடதுதான், அதையும் சொல்லிவிட்டேன்.

சித்திரை 14, ஞாயிறு

மாடு வந்துவிட்டது! கட்டுத்தரையில் நின்று என் சேலையை நக்கிக்கொண்டிருக்கிறது. மூன்றாம் ஈத்து, கூடவே பெண் கன்று. வந்த கதையை எழுதிவிட்டுத்தான் பால் கறக்கப் போகிறேன்.

வாரச் சந்தைக்கு இன்று இரண்டு பேரும் போனோம். சித்திரை வெயில் மண்டையைப் பிளக்கிறது. உள்ளே போனால் தரகர்கள் அத்தனை பேரும் முழுக்கைச் சட்டை! மணிக்கட்டில் பொத்தான் போட்டு, வேர்த்து வழிந்துகொண்டு நிற்கிறார்கள். என்னைப் பார்த்ததும் சிலர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். குப்பண்ணன் ஒரு போர்வையே வைத்திருந்தார். "வா அம்முணி, வா. இன்னைக்கு எவன் பொழப்புல மண்ணு?" என்றார். கோபம் பாதி, சிரிப்பு பாதி.

"உங்களதத் தவுத்து வேற யாருதா இருந்தாலும் செரிங்கண்ணா" என்றேன்.

மாட்டுக்காரர் அரவக்குறிச்சிப் பக்கத்து ஆள். துண்டை எடுக்கப் போனவர் என்னைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், துண்டை மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டார்.

"உங்ககிட்டத் துண்டு எதுக்குங்க? வாயிலயே சொல்லிப்போடறேன். நாப்பத்திரண்டு."

நாற்பத்திரண்டு பெறுமா, பெறாதா? நரம்பு பார்க்கத் தெரியும், கறவை மாட்டுக்கு விலை போட எனக்கு எங்கே தெரியும்? மடியைத் தடவிக்கொண்டு நின்றேன். அப்போது முந்தானைக்கு அடியில் ஒரு கை என் கையைத் தேடிப் பிடித்தது. அத்தனை பேர் நடுவில்! கல்யாணமான நாளிலிருந்து சந்தை, தெரு, கோயில், எங்கேயும் இவர் என் கையைத் தொட்டதில்லை. முகத்தைப் பார்த்தால் அக்கட்டால போகிற எருமையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

என் உள்ளங்கையில் விரல் ஊன்றியது. மூன்று. ஒரு தட்டு. ஐந்து. பின்னால் ஒன்று. முப்பத்தாறு. விரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை.

நான் மாட்டுக்காரரை நிமிர்ந்து பார்த்து, ஊருக்கே கேட்கிற மாதிரி, "முப்பத்தி மூணு" என்றேன்.

முந்தானைக்கு அடியில் அந்தக் கை குலுங்கிற்று. முகம் எருமையைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தது, கை மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது.